யூத மரபுல தியானம்னு ஒண்ணு உண்மையிலயே இருக்கா, இல்ல பௌத்தத்துல இருந்து வாங்கினதா?

நீங்க ரெண்டு தடவை பத்து நாள் விபாசனா போய் வந்திருக்கீங்க. இப்போ யூத மைண்ட்ஃபுல்னஸ்னு ஒரு வீடியோ பார்த்திருக்கீங்க, அதுலயும் கண்ணை மூடி மூச்சை கவனிக்கத்தான் சொல்றாங்க, நடுநடுவுல எபிரேய வார்த்தை வருது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால "இது பேரை மட்டும் மாத்தி வச்சதா, இல்ல அவங்களுக்கு சொந்தமா ஒரு தியான மரபு இருக்கா"ன்னு கேட்டிருக்கீங்க, கடைசி வரில "யூதனா இல்லாத நான் இதைப் பழகலாமா"ன்னும் போட்டிருக்கீங்க. எனக்கு அந்தக் கடைசி வரிதான் நிஜக் கேள்வின்னு தோணுது. யாரு யாருகிட்ட வாங்கினாங்கன்ற வரலாறை விட, இத்தனை நாள் உக்காந்து பழகின உங்களுக்கு இதுல புதுசா கத்துக்க ஏதாவது இருக்கான்னுதான் கேக்குறீங்கன்னு எடுத்துக்கிட்டு பதில் சொல்றேன்.

முதல்ல நான் எங்க நின்னு பேசுறேன்னு சொல்லிடணும். நான் யூதன் இல்ல, கிறிஸ்தவன். பழைய ஏற்பாடும் எபிரேயமும் பாடமா எடுத்து பதினாலு வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி எருசலேம்ல ரெண்டு வருஷம் படிச்சப்போ காலைல ஜெப ஆலயத்துல பின் வரிசைல உக்காந்து பார்த்திருக்கேன், சில நண்பர்கள் கூட ராத்திரி காட்டுக்குள்ள போயிருக்கேன், அதைப் பத்தி கீழ வரும். அதனால நூல்ல இருக்கிறது பத்தி தைரியமா சொல்வேன், உள்ள இருந்து வாழ்றவங்க அனுபவம் பத்தி நான் பார்த்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

வாங்கினதான்னு கேட்டா, நீங்க அந்த வீடியோல பார்த்த வடிவம், அதாவது இருபது நிமிஷம் முதுகை நேரா வச்சு உக்காந்து மூச்சை கவனிக்கிறது, அது ஆமா, பெரும்பாலும் பர்மா விபாசனால இருந்து வந்ததுதான். அதை அமெரிக்காவுக்கு கொண்டுபோனவங்கள்ல பலர் பிறப்பால யூதர்கள். 1975ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல பாரின்ற ஊர்ல இன்சைட் மெடிட்டேஷன் சொசைட்டியை ஆரம்பிச்ச ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஷேரன் சால்ஸ்பெர்க், ஜாக் கார்ன்ஃபீல்ட் மூணு பேருமே யூதக் குடும்பம். 1979ல ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு தொடங்கின ஜான் கபாட்-சின்னும் அப்படித்தான். அவங்க தலைமுறை யூதப் பிள்ளைங்க நிறைய பேர் புத்தகயாவுக்கும் தரம்சாலாவுக்கும் போனாங்க, ஏன்னா அவங்க ஊர் ஜெப ஆலயத்துல கிடைச்சது பக்கம் பக்கமா வாசிக்கிற பிரார்த்தனைதான், உள்ள என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித்தரல. அதுல கொஞ்ச பேர் திரும்பி வந்து நம்ம வீட்டுலயே இது இருந்திருக்குமோன்னு தேட ஆரம்பிச்சாங்க. 1990ல ரபிகளும், அதாவது யூத மதகுருக்களும், அறிஞர்களும் சேர்ந்து ஒரு குழுவா தரம்சாலா போய் தலாய் லாமாவைப் பார்த்தாங்க, அவர் கேட்டது, நாடு இல்லாம இத்தனை நூற்றாண்டு எப்படித் தாக்குப்பிடிச்சீங்கன்னுதான். இன்னைக்கு யூத மைண்ட்ஃபுல்னஸ் சொல்லித்தர்ற நல்ல ஆசிரியர்கள் இந்தக் கடனை மறைக்கிறதே இல்ல, வெளிப்படையா சொல்றாங்க.

ஆனா அதோட கதை முடிஞ்சிடல. நம்ம தமிழ் வேதாகமத்தை எடுத்து ஆதியாகமம் 24ஆம் அதிகாரம் 63ஆம் வசனம் பாருங்க, ஈசாக்கு சாயங்கால வேளைல "தியானம்பண்ண" வெளியே போயிருந்தான்னு இருக்கும். அங்க எபிரேயத்துல இருக்கிற சொல் லாசூஅஹ், ரொம்ப அபூர்வமான சொல், பேசுறது, முறையிடுறது, மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறதுன்னு எல்லாப் பக்கமும் இழுக்கலாம், தல்மூத், அதாவது பழைய ரபிகளோட சட்ட விவாதத் தொகுப்பு, அதைப் பிற்பகல் பிரார்த்தனைன்னே எடுத்துக்கிட்டுச்சு. அதே மாதிரி முதலாம் சங்கீதத்துல இரவும் பகலும் வேதத்துல "தியானமாயிருக்கிற" மனுஷன்னு வருதே, அங்க இருக்கிற சொல் ஹாகா. அந்த சொல்லை ஏசாயா சிங்கம் இரையை வச்சுக்கிட்டு உறுமுறதுக்கும் புறா முனகுறதுக்கும் பயன்படுத்துறார். அப்போ சங்கீதக்காரர் மனசுல இருக்கிறது கண்ணை மூடி வாயை மூடி உக்காந்த ஒருத்தர் இல்ல, வசனத்தை வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே இருக்கிற ஒருத்தர். நம்ம மொழிபெயர்ப்பு 'தியானம்'னு ஒரே சொல்லைப் போட்டதால நாம வேற படத்தை கற்பனை பண்ணிக்கிறோம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா யூத மரபுல கவனம் பெரும்பாலும் வாய் வழியாத்தான் பழகப்படுது, மௌனம் வழியா இல்ல.

அதுக்காக மௌனம் இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னான்ற யூத சட்டத் தொகுப்புல, பிரார்த்தனை பத்தின பகுதில ஒரு வரி இருக்கு: முன்காலத்து பக்தர்கள் ஒரு மணி நேரம் சும்மா இருந்துட்டு அப்புறம்தான் பிரார்த்தனை பண்ணுவாங்க, இருதயத்தை கடவுள் பக்கம் திருப்புறதுக்காக. தல்மூத் இன்னும் நீட்டி, முன்னாடி ஒரு மணி, பிரார்த்தனை ஒரு மணி, பின்னாடி ஒரு மணின்னு சொல்லுது, ஒரு நாளைக்கு மூணு வேளை, ஆக ஒன்பது மணி நேரம், அப்போ அவங்க வேதம் படிக்கிறதும் பிழைப்பு பாக்குறதும் எப்போன்னு அவங்களே கேள்வியும் கேட்டுக்கிறாங்க. அதே மிஷ்னாவுல, பிரார்த்தனைல நிக்கும்போது ராஜாவே வந்து நலம் கேட்டாலும் பதில் சொல்லாத, பாம்பு குதிங்கால்ல சுத்திக்கிட்டாலும் நிறுத்தாதன்னு வருது. (தேள்னா நிறுத்தலாம்னு தல்மூத்ல ஒரு ரபி சொல்றார், பாம்பு சும்மா விட்டா போயிடும், தேள் கொட்டிடும்ன்ற கணக்கு.) இந்தத் திருப்புதலுக்கு அவங்க வச்ச பேர் கவானா. ஒரு திசை பார்த்து குறி வைக்கிறதுன்னு அதோட வேர் அர்த்தம். நீங்க கேட்ட மொத்த விஷயத்துக்கும் ஒரே ஒரு எபிரேய சொல் போதும்னா நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் கவானா நாள் முழுக்க எங்கெங்க வேலை செய்யுதுன்னு பார்த்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். 'இஸ்ரவேலே, கேள்'னு தொடங்குற விசுவாச வாக்கான ஷெமாவை சொல்லும்போது வலது கையால கண்ணை மூடிக்கிட்டு முதல் வரியோட கடைசி சொல்லான 'எஹாத்', அதாவது 'ஒருவர்'ன்றதை இழுத்துச் சொல்லணும், அந்த இழுத்துச் சொல்றது தல்மூத் வாக்கு. நம்ம நாட்டுலயே கொங்கண் கரைல பெனே இஸ்ரேல்னு ஒரு யூத சமூகம், சனிக்கிழமை செக்கு ஓட்டாததால சனிவார் தேலின்னு பேர் வாங்கினவங்க, அவங்க மத்த யூதர்களோட தொடர்பு அறுந்து எபிரேய நூல் எல்லாம் மறந்துபோன காலத்துலயும் இந்த ஷெமாவை மட்டும் விடலன்னு அவங்க மரபு சொல்லுது, கல்யாணமோ சாவோ எதுலயும் அதையே சொன்னாங்க. அப்புறம் அமிதான்ற நின்னுக்கிட்டு பண்ற பிரார்த்தனை, மூணு அடி பின்னால போய் மூணு அடி முன்னால வந்து காலை சேர்த்து வச்சு, உதடு மட்டும் அசையும், சத்தம் பக்கத்துல இருக்கிறவருக்குக் கேக்காது. அன்னாள் சீலோவுல பிரார்த்தனை பண்ணதைப் பார்த்து ஏலி அவ குடிச்சிருக்கான்னு நினைச்சாரே, அந்த அன்னாள்கிட்ட இருந்துதான் இந்த விதியை எடுத்தாங்க. எருசலேம்ல நான் பின் வரிசைல இருந்து கேட்ட அந்த நிமிஷங்களை மறக்கவே முடியாது, அறுபது பேர் நிக்கிறாங்க, மூச்சும் உதட்டு அசைவும் சேர்ந்து காத்து இலைல படுற மாதிரி ஒரு ஒலி, அது மௌனமா சத்தமான்னே சொல்ல முடியல.

ஆசீர்வாத வாசகங்கள் தனி. ஒரு நாளைக்கு நூறு சொல்லணும்னு கணக்கு, ரொட்டிக்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு, இடி கேட்டா ஒண்ணு. கழிப்பறை போய் கை கழுவிட்டு சொல்றதுக்கே ஒண்ணு இருக்கு, அஷெர் யட்சார்னு பேர். உடம்புக்குள்ள திறப்புகளையும் குழாய்களையும் படைச்சவர், அதுல ஒண்ணு திறந்துக்கிட்டாலோ அடைச்சுக்கிட்டாலோ உமக்கு முன்னால ஒருத்தனும் நிக்க முடியாதுன்னு அதுல வரும். எங்க அப்பாவுக்கு சிறுநீர் அடைச்சு டியூப் போட்டு மூணு வாரம் படுத்திருந்தப்போ நான் பக்கத்துல இருந்தேன், அப்போதான் இந்த வாசகம் எனக்குப் புரிஞ்சது. உடம்பை கவனிக்கிறதுன்னு விபாசனால உங்களுக்கு சொல்லித்தர்றதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் இல்ல.

இதுக்கு மேல தனியா ஒதுங்கி பழகின ஓடைகளும் உண்டு, அதுல சிலதை வேகமா சொல்லிட்டு போறேன். எகிப்துல, பெரிய யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடீஸோட மகன் ஆபிரகாம் (1186 - 1237), சூஃபிகளைப் பார்த்து இவங்ககிட்ட இருக்கிறது நம்ம தீர்க்கதரிசிகளோட பழைய வழிதான், நாம தொலைச்சிட்டோம்னு சொல்லி தனிமைத் தியானத்தையும் குனிஞ்சு வணங்குறதையும் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். பக்கத்து வீட்டைப் பார்த்து நம்ம வீட்டுல தேடுறது 1970கள்ல ஆரம்பிச்சது இல்லன்னு இதுலயே தெரியுது. ஸ்பெயின்ல பிறந்த ஆபிரகாம் அபுலாஃபியா (1240ல பிறந்தவர்) எபிரேய எழுத்துகளை மாத்தி மாத்தி அடுக்கி, மூச்சையும் தலை அசைவையும் அதோட சேர்த்து ஒரு முறை எழுதி வச்சார், அதுதான் யூத மரபுலயே யோகத்துக்கு ரொம்ப கிட்ட வர்ற முறை, ஆனா அன்னைக்கு பெரிய ரபிகள் அவரைக் கடுமையா எதிர்த்தாங்க, அதனால அது ஓரத்துலயே இருந்துச்சு.

18ஆம் நூற்றாண்டுல கிழக்கு ஐரோப்பால வந்த ஹஸிதியம்ன்ற யூத பக்தி இயக்கத்துலதான் உங்களுக்கு நேரடியா உதவுற விஷயம் இருக்கு. உக்காந்தா மனசு ஓடுது, அதை என்ன பண்றது? உங்களுக்கு விபாசனா சொன்னது, ஓடுறதை கவனி, ஒட்டாத, திரும்பி வா. இந்தக் கேள்வியை இவங்களும் உக்காந்து சண்டை போட்டிருக்காங்க. இயக்கத்தைத் தொடங்கின பஆல் ஷெம் தோவ் (1760ல இறந்தார்) பேர்ல வர்ற போதனை என்னன்னா, பிரார்த்தனை நடுவுல வர்ற அந்நிய நினைப்பை விரட்டாத, அது உன்கிட்ட சரி பண்ணிக்க வந்திருக்கு, ஒரு அழகைப் பத்தின ஆசை வந்தா அந்த அழகு எந்த மூலத்துல இருந்து வந்துச்சோ அங்க வரைக்கும் அதைத் தூக்கிக்கிட்டுப் போன்னு. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. ஆனா ரெண்டு தலைமுறை தள்ளி, ஹபாத் பிரிவைத் தொடங்கின ஷ்னெயூர் சல்மான் 1796ல அச்சான தன்னோட தான்யா நூல்ல 28ஆம் அதிகாரத்துல அதை அப்படியே நிறுத்துறார்: அது மகான்களுக்கு, நம்மளை மாதிரி ஆளுங்க அதைப் பண்ணப்போனா மடத்தனம், நாமளே கீழ கட்டிக் கிடக்கும்போது இன்னொண்ணை எப்படி மேல தூக்குவோம், அதனால காதுல விழாத மாதிரி இருந்துட்டு வார்த்தைக்குத் திரும்பு, எதிராளி வந்து பேச்சு குடுக்கிறான்னா நீ உண்மையா போராடுறன்னுதான் அர்த்தம், அதுக்காக துவண்டு போகாத. நான் இந்த ரெண்டாவது பக்கம்தான். என் வகுப்புல மனசு ஓடுதேன்னு வந்து அழுத பசங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டுறது இந்த அதிகாரம்தான்.

அதே ஹபாத்ல ஹித்போனெனுத்னு ஒண்ணு இருக்கு, ஒரு கருத்தை எடுத்து, உதாரணமா இந்த உலகம் ஒவ்வொரு நொடியும் புதுசா உண்டாக்கப்படுதுன்றதை எடுத்து, அதைப் பிரார்த்தனைக்கு முன்னாடி அரை மணி ஒரு மணி மனசுக்குள்ள நீள அகலமா யோசிச்சு, அது புத்தில இருந்து இருதயத்துக்கு இறங்குற வரைக்கும் விடாம இருக்கிறது. சிந்தனையை நிறுத்துறது இல்ல, சிந்தனையாலயே உள்ள போறது. இதுக்கு நேர் எதிர் பிரெஸ்லவ் ரபி நஹ்மான் (1772 - 1810) சொன்ன ஹித்போதெதுத். தினமும் ஒரு மணி நேரம், முடிஞ்சா ராத்திரில, ஆள் இல்லாத இடத்துல, உன் வீட்டுல பேசுற பாஷைல கடவுள்கிட்ட பேசு. பிரார்த்தனைப் புத்தகம் வேண்டாம். அவங்களுக்கு அது இத்திஷ், ஏன்னா எபிரேயத்துல மனசைத் திறந்து பேசி யாருக்கும் பழக்கம் இல்ல. வாய் திறக்க வரலைன்னா ஒரே ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு அதையே எத்தனை நாளானாலும் சொல்லிக்கிட்டே இருன்னு சொல்றார். எருசலேம் பக்கத்து காட்டுக்கு நண்பர்கள் கூட போனேன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு மரத்தடி, ஒருத்தர் கத்துறார், ஒருத்தர் கடன் கணக்கு சொல்றார், ஒருத்தர் விசும்புறார், ஒரு மணி நேரம் கழிச்சு எல்லாரும் அமைதியா நடந்து பஸ் ஏறினாங்க, யாரும் யார்கிட்டயும் எதுவும் கேக்கல.

உங்க விபாசனாவுக்கு ரொம்ப கிட்ட வர்றவர் ஒருத்தர், வார்சாவுக்குப் பக்கத்துல பியாசெச்னோ ஊர் ரபி கலோனிமுஸ் கல்மான் ஷபீரா. அவர் சொல்லித்தந்ததுக்கு ஹஷ்கதா, அதாவது அடக்கி அமர்த்துறதுன்னு பேர். முதல்ல உக்காந்து எதையும் வேண்டாம, ஓடுற நினைப்புகளை சும்மா பார்த்துக்கிட்டே இரு, பாக்கப் பாக்க ஓட்டம் குறையும். கஷ்டமா இருந்தா கடிகாரத்தோட சின்ன முள்ளைப் பாத்துக்கிட்டு இரு, அது நகர்றதே தெரியாது. அமைதியானதும் ஒரு வேத வாக்கியத்தை சொல்லு, அப்புறம் உனக்கு என்ன குணம் வேணுமோ, நம்பிக்கையோ அன்போ, அதை மெதுவா கேளு. 1939 செப்டம்பர்ல குண்டுவீச்சுல அவரோட ஒரே மகனும் மருமகளும் போயிட்டாங்க, அப்புறம் நாஜிகள் யூதர்களை அடைச்சு வச்ச வார்சா கெட்டோவுக்குள்ள இருந்துக்கிட்டே பிரசங்கம் பண்ணி எழுதி அதைப் புதைச்சு வச்சார், 1943ல கொல்லப்பட்டார், எழுத்து போருக்கு அப்புறம் கிடைச்சது. அவர் முறைல முதல் பாதி விபாசனாக்காரருக்கு அப்படியே பழக்கமானது, ஆனா பாருங்க, அவர் அங்க நிக்கல. அமைதி வந்ததும் யார்கிட்டயோ பேசத் தொடங்குறார்.

அதுதான் நீங்க தேடுற வித்தியாசம்னு நான் நினைக்கிறேன். விபாசனால எதிர்ல யாரும் இல்ல, பாக்குறது மட்டும்தான், பாக்குறவனும் கடைசில கரையணும். இங்க எதிர்ல ஒருத்தர் இருக்கார், 'நீர்'னு கூப்பிடப்படுறவர், கவனம்ன்றதே அவருக்கு முன்னாடி நிக்கிறதுதான். தன்னைக் கரைக்கிறது ஹஸிதியத்துலயும் வரும், ஆனா பெரும்பாலானவங்களுக்கு அது மறுபடி எழுந்து ரொட்டியை எடுத்து ஆசீர்வாதம் சொல்றதுல முடியும். ரெண்டும் ஒண்ணுதான், பாதை வேறன்னு சொல்றவங்க கூட எனக்கு உடன்பாடு இல்ல. ரெண்டுமே ஆழம்தான், ஆனா வேற வேற கிணறு.

இனி சந்தேகமானது. அந்த நாலெழுத்து நாமம், நாம யேகோவான்னு எழுதுறது, அது மூச்சு இழுத்து விடுற ஒலிதான்னு நிறைய இடத்துல கேப்பீங்க. அழகான தியானம், ஆனா அது புது விளக்கம், பழைய மரபுன்னு சொல்லாதீங்க. மூச்சுக்கும் ஆத்துமாவுக்கும் எபிரேயத்துல ஒரே வேர்ன்றதும், ஒவ்வொரு மூச்சுக்கும் படைச்சவரைத் துதின்னு பழைய மித்ராஷ், அதாவது ரபிகளோட வேத விளக்கம், சொல்றதும் உண்மை, அது வரைக்கும் உறுதி. தீர்க்கதரிசிகள் பள்ளிக்கூடம் வச்சு முறையா தியானம் சொல்லித்தந்தாங்கன்றது ஆர்யே காப்லான்னு ஒரு ரபி, இயற்பியல் படிச்சவர், 1970களோட கடைசில பலமா முன்வச்ச வாதம். இந்தத் துறைக்கு அவர் பண்ணது பெரிய சேவை, ஆனா வேதாகமத்துல நேரடியா இருக்கிறது இசைக்கருவியோட வர்ற தீர்க்கதரிசிக் கூட்டமும், எலியா முழங்காலுக்கு நடுவுல முகத்தை வச்சதும், அக்கினிக்கு அப்புறம் வந்த அந்த அமர்ந்த மெல்லிய சத்தமும்தான், மீதி ஊகம்.

நீங்க பழகலாமான்னா, எல்லாமே இல்ல. வசனம் எழுதி உள்ள வச்சு நெத்தில கட்டுற தெஃபிலின் பெட்டி, ஷாபாத்ன்ற ஓய்வுநாள் சட்டங்கள் இதெல்லாம் அவங்க உடன்படிக்கையோட பாகம், வெளில இருந்து எடுத்துப் போட்டுக்கிறது மரியாதை இல்ல. அந்த நாமத்தை உச்சரிச்சுப் பயிற்சி பண்ணாதீங்க, அவங்களே உச்சரிக்க மாட்டாங்க. எழுத்து மாத்துற அபுலாஃபியா முறையை வீடியோ பார்த்து தனியா கண்டிப்பா வேண்டாம், சோகமோ பதட்டமோ ஏற்கனவே இருக்கிறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க, நாலு பேர் ஒரு மறைவான தோட்டத்துக்குள்ள போய் ஒருத்தர் செத்து ஒருத்தர் புத்தி கலங்கி ஒருத்தர் விசுவாசத்தை விட்டு ஒருத்தர் மட்டும் சுகமா திரும்பினார்னு தல்மூத் சொல்றது சும்மா இல்ல. சங்கீதம் எல்லாருக்கும் திறந்தது. காலைல கண் முழிச்சதும் படுக்கைலயே சொல்ற மோதே அனி, பன்னெண்டே வார்த்தை, என் ஆத்துமாவை இரக்கமா திரும்பத் தந்ததுக்கு நன்றின்னு அர்த்தம், கடவுளோட நாமமே அதுல வராது, அதனால கை கழுவுறதுக்கு முன்னாடியே சொல்லலாம். அதைத் தமிழ்ல சொன்னாலும் ஒண்ணும் குறையாது.

ஆனா உங்களுக்குன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா ரபி நஹ்மானோடதைத்தான் சொல்வேன். நீங்க வழக்கமா உக்கார்ற உக்காரலை விடாதீங்க. அது முடிஞ்சதும் எந்திரிச்சு மொட்டை மாடிக்கோ ஆள் இல்லாத ரோட்டுக்கோ போய் பத்து நிமிஷம் வாய்விட்டு தமிழ்ல பேசுங்க, மனசுக்குள்ள இல்ல, உங்க காதுக்குக் கேக்குற மாதிரி. கடவுள் நம்பிக்கை உறுதியா இல்லைன்னா, யார்கிட்ட பேசுறேன்னு தெரியலன்றதையே முதல் வாக்கியமா வச்சு ஆரம்பிங்க, ரபி நஹ்மான் பேச வராததையே பேசச் சொன்னவர்தான். எனக்கு முதல் ரெண்டு வாரம் "ஆண்டவரே"ன்றதுக்கு மேல ஒரு வார்த்தை வரல, அப்புறம் ஒரு நாள் அப்பா ஆஸ்பத்திரில இருந்த அந்த மூணு வாரம் பத்தி பேச வந்துச்சு, நிறுத்த முடியல. பத்து நாள் பண்ணிட்டு, உக்காந்து பாக்கும்போது வர்ற நினைப்பும் வாய்விட்டு சொல்லும்போது வர்ற நினைப்பும் ஒண்ணா வேறயான்னு இங்கயே எழுதுங்க, நான் படிக்கிறேன்.